சுட்கியின் லட்டும் ஜியா டீச்சரின் பேனாவும்: எமது பிள்ளைகள் பார்க்கும் காட்டூன் கதாநாயகிகள்

சென்ற பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு எமது வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். எனது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரும் சேர்ந்திருந்தார்கள். விளையாட்டின் பெயர் சோட்டா பீம். மகன்தான் பீம். மகள் சுட்கி. சமையலறைக்கும் முற்றத்துக்கும் இடையில் ஓடி, லட்டுக்குப் பதிலாக பிஸ்கட் கொண்டு வந்து பீமுக்குக் கொடுப்பதுதான் அவளது வேலை.

அந்த ஐந்து பேரிலும் வேகமாக ஓடுபவள் மகள்தான். மதிலில் ஏறி நிற்பவளும் அவள்தான். "மகள், நீங்க பீமா விளையாடுங்களேன்" என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பீம் ஆம்புளப் புள்ள உம்மா. எனக்கு எப்படி பீமாக ஏலும்? அதுக்குத்தானே சுட்கி இருக்கா."

சொல்லிவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுக்க உள்ளே ஓடிவிட்டாள். அவளுக்கு அதில் கவலை எதுவும் இருக்கவில்லை. எனக்குத்தான் அது நெஞ்சில் தங்கிவிட்டது. ஏனென்றால் இதே காட்சியை நான் எனது வகுப்பறையிலும் பார்க்கிறேன். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. தரம் 4 பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, தலைவர் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள் என்று சொன்னால், பெண் பிள்ளைகள் உடனே ஓர் ஆண் பிள்ளையைக் கைகாட்டுகிறார்கள். எழுதுவது, வரைவது, ஒட்டுவது எல்லாம் அவர்கள். முன்னால் வந்து வாசிப்பது மாத்திரம் அவன்.

இதற்குக் காட்டூன்கள் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எமது பிள்ளைகள் நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலங்கள் அந்தத் திரைக்கு முன்னால் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு உம்மாவுக்கும் தெரியும். அந்த விடுமுறை முழுவதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். பெண் பிள்ளைகளைக் கதாநாயகியாக வைத்து வந்த காட்டூன்களைத் தேடிப் பார்த்தேன், அவற்றைப் பற்றி வாசித்தேன். அதில் அறிந்து கொண்டவற்றை ஏனைய பெற்றோரோடும் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

பெயர் அவளுடையது, பேச்சு யாருடையது?

முதலில் சோட்டா பீம். ஹைதராபாத்தில் உள்ள கிரீன் கோல்ட் நிறுவனம் தயாரித்து 2008ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பாகும் தொடர் இது. சுட்கி கோழைப் பிள்ளை அல்ல. துணிச்சலானவள், புத்திசாலி. ஆனாலும் லட்டு சாப்பிட்டதும் பலம் வருவது பீமுக்குத்தான். லட்டு செய்யும் வீட்டில் பிறந்த பிள்ளை சுட்கி. அவள் ஒரு லட்டைச் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தொடர் பெரிதாகக் கேட்பதில்லை.

சுட்கி துணைப் பாத்திரம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். சரி, பெண்ணே கதாநாயகியாக இருக்கும் படங்களைப் பார்ப்போம்.

கார்மன் ஃபோட், கரன் ஐசன்ஹவர் ஆகிய இரு அமெரிக்க மொழியியல் ஆய்வாளர்கள் டிஸ்னி நிறுவனத்தின் இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2016ஆம் ஆண்டு அந்தக் கணக்கு வெளியானது. 1937இல் வந்த ஸ்னோ வைட் படத்தில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சரிபாதி பேசுகிறார்கள். 1950இல் வந்த சிண்ட்ரெல்லாவில் 60 சதவீதப் பேச்சு பெண்களுடையது. காலம் முன்னேற முன்னேற இது கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. கடற்கன்னி ஏரியலின் கதையான 'தி லிட்டில் மெர்மெய்ட்' 1989இல் வந்தது. அதில் 68 சதவீதப் பேச்சு ஆண்களுடையது. 1992இல் வந்த அலாதீனில் அது 90 சதவீதம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1998இல் வந்த முலான் படம். தந்தைக்குப் பதிலாகப் போருக்குச் சென்று சீனாவையே காப்பாற்றும் பெண்ணின் கதை அது. படத்தின் பெயரும் அவளது பெயர்தான். ஆனால் படத்தில் 77 சதவீதப் பேச்சு ஆண்களுடையது. அவளுக்குத் துணையாக வரும் மூஷு என்ற சிறிய டிராகன்கூட முலானை விட ஒன்றரை மடங்கு வசனம் பேசுகிறது. போரை வென்றவள் அவள். வாய் ஓயாமல் பேசியது டிராகன்.

இது ஏன் இப்படி ஆனது? யாரும் திட்டமிட்டுச் செய்த சதி அல்ல. கதாநாயகியை ஒரு பெண்ணாக உருவாக்கிவிட்டு, அவளைச் சுற்றியுள்ள அத்தனை பேரையும் பழக்க தோசத்தில் ஆணாகவே எழுதிவிடுகிறார்கள். கடைக்காரர், காவலாளி, நண்பன், எதிரி, நகைச்சுவைக்கு வரும் நண்டு, மெழுகுவர்த்தி, டிராகன் எல்லாமே ஆண் குரல்கள். இரண்டு சகோதரிகளின் கதையான ஃப்ரோஸன் 2013இல் வந்தது. அதிலும் 59 சதவீதப் பேச்சு ஆண்களுடையதுதான்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. பெண் பாத்திரங்களுக்குக் கிடைக்கும் பாராட்டுகளையும் அதே ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். பழைய படங்களில் 55 சதவீதமான பாராட்டு அழகுக்காகவும் 11 சதவீதம் மட்டுமே திறமைக்காகவும் கிடைத்திருந்தது. அண்மைக்காலப் படங்களில் அழகுக்கு 22, திறமைக்கு 40 என்று மாறியிருக்கிறது. அதாவது, பெண்ணை இப்போது திறமைசாலி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். பேச மட்டும் இன்னும் போதிய இடம் கொடுக்கவில்லை. எனது வகுப்பறையில் நடப்பதும் அதுதானே.

யார் பார்ப்பார்கள், யார் வாங்குவார்கள்?

காட்டூன் என்பது வியாபாரம். படம் ஓடினால் போதாது, அதன் பெயரில் பொம்மையும் புத்தகப் பையும் தண்ணீர்ப் போத்தலும் விற்க வேண்டும். அந்த வியாபாரத்தில் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை இருந்து வந்திருக்கிறது. ஆண் பிள்ளைகளின் கதையைப் பெண் பிள்ளைகள் பார்ப்பார்கள், ஆனால் பெண் பிள்ளையின் கதையை ஆண் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள் என்பதே அது.

2012இல் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் வந்த 'தி லெஜெண்ட் ஒஃப் கோரா' தொடருக்கும் இந்தத் தடை வந்தது. கதாநாயகி ஒரு பெண் என்பதால் நிறுவனத்தினர் தயங்கியதாக அதை உருவாக்கியவர்கள் பின்னர் கூறினார்கள். ஆனால் பரீட்சார்த்தமாகப் போட்டுக் காட்டியபோது, கோரா பெண் என்பதை ஆண் பிள்ளைகள் பொருட்படுத்தவே இல்லையாம். கதை பிடித்திருந்தது, பார்த்தார்கள். அவ்வளவுதான்.

இதில் எமக்கொரு பாடம் இருக்கிறது. "அது பொம்புளப் புள்ளைகள்ட படம்" என்று மகனிடம் முதலில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் பெரியவர்களாகிய நாம்தான். எனது மகன் நான்கு வயது வரை டோராவை விடாமல் பார்த்தவன். யாரோ ஒரு மாமா சிரித்த பிறகுதான் நிறுத்தினான்.

கடைசியில் உடுப்பில் வந்து நிற்கும் பேச்சு

டோராவைச் சொன்னேன். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் தொடரைத் தமிழிலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எமது ஊரில் எத்தனையோ பேர். ஒரு வரைபடம், ஒரு முதுகுப்பை, புஜ்ஜி என்ற குரங்கு நண்பன். எந்தப் பாதையால் போவது என்று தீர்மானிப்பவள் டோரா. வழியில் வரும் சிக்கலை யோசித்துத் தீர்ப்பவளும் அவளே. கட்டைத் தலைமுடி, அரைக் காற்சட்டை, உருண்டை முகம். அழகைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

2009ஆம் ஆண்டில் நிக்கலோடியனும் பார்பி பொம்மைகளைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனமும் சேர்ந்து, டோரா கொஞ்சம் வளர்ந்துவிட்டாள் என்று சொல்லி ஒரு புதிய பொம்மையை அறிவித்தன. முதலில் வந்தது நிழலுருவம் மட்டும். நீண்ட கூந்தல், ஒல்லியான உடல், குட்டை உடை. அமெரிக்கத் தாய்மார்கள் பலர் அதை எதிர்த்து எழுதினார்கள், கையொப்பம் திரட்டினார்கள். காட்டில் வழி கண்டுபிடித்த பிள்ளைக்கு இந்த மெலிந்த இடை எதற்கு என்பதே அவர்களது கேள்வி.

நான்கு வருடங்களில் அதே கதை மெரிடாவுக்கும் நடந்தது. 2012இல் வந்த 'பிரேவ்' படத்தின் நாயகி அவள். வில்வித்தையில் தேர்ந்தவள், கலைந்த சிவப்புச் சுருட்டை முடி, தனது திருமணத்தைத் தானே தீர்மானிப்பேன் என்று நிற்பவள். பிரெண்டா சாப்மன் என்ற பெண் இயக்குநர் தனது சொந்த மகளை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் அது. படம் ஒஸ்கார் விருதும் வென்றது. ஆனால் 2013இல் டிஸ்னி தனது இளவரசிகள் வரிசையில் மெரிடாவைச் சேர்த்தபோது வெளியிட்ட படத்தில் இடை சிறுத்திருந்தது, கழுத்து இறங்கியிருந்தது, முடி சீவப்பட்டிருந்தது. கையில் இருந்த வில்லைக் காணவில்லை. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிட்டார்கள். சாப்மனும் வெளிப்படையாகவே கண்டித்தார்.

மேற்கத்தேய ஊடகம் அப்படித்தான், பெண்ணைக் காட்சிப் பொருளாக்கும் என்று சொல்லி நாம் திருப்தியடைந்துவிடலாம். அதற்கு முன்பு, எம்மவர் உருவாக்கிய ஒரு கதாநாயகிக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜியா டீச்சர்

2013 ஜூலை மாதம் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் 'புர்கா அவெஞ்சர்' என்ற உருது காட்டூன் தொடர் ஆரம்பமானது. பாடகர் ஹாரூன் உருவாக்கிய தொடர் அது. ஹல்வாபூர் என்ற கற்பனை ஊரில் பெண் பிள்ளைகள் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை ஜியாதான் கதாநாயகி. அந்தப் பாடசாலையை மூட இருவர் அலைகிறார்கள். ஒருவர் வடேரோ பஜேரோ என்ற ஊழல் அரசியல்வாதி. பாடசாலைக்கு வந்த பணத்தை விழுங்குவது அவரது நோக்கம். மற்றவர் பாபா பந்தூக். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர். ஆபத்து வரும்போது ஜியா கறுப்பு புர்கா அணிந்து, தான் யாரென்று தெரியாமல் வந்து பாடசாலையைக் காப்பாற்றுகிறாள். அவளது ஆயுதங்கள் துவக்கோ வாளோ அல்ல. பேனாக்களும் புத்தகங்களும்தான்.

தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2012 ஒக்டோபரில், பாடசாலை சென்று திரும்பிய மலாலா சுடப்பட்டிருந்தார். கற்பனைக் கதை ஒன்றின் பின்னால் அவ்வளவு உண்மை இருந்தது. அமெரிக்காவின் பீபொடி விருதும் அந்தத் தொடருக்குக் கிடைத்தது.

ஆனால் தொடர் வெளியான நாட்களில் பெரியவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் தெரியுமா? புர்காவைப் பற்றி. ஒடுக்குமுறையின் அடையாளத்தைப் பிள்ளைகளுக்கு அழகாகக் காட்டுகிறார்கள் என்று பாகிஸ்தானின் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் சிலர் விமர்சித்தார்கள். ஹாரூனின் பதில் எளிமையானது. பேட்மேனுக்கு முகமூடி எதற்கோ அதற்குத்தான் ஜியாவுக்கு புர்கா, வகுப்பறையில் ஜியா அதை அணிவதில்லை, ஹொலிவூட் பெண் சாகச நாயகிகளைப் போல உடலைக் காட்டும் உடையும் தனக்கு வேண்டியிருக்கவில்லை என்றார்.

மெரிடாவின் வில் எங்கே போனது என்று கேட்பதற்குப் பதிலாக உலகம் அவளது கழுத்தளவைப் பேசியது. ஜியாவின் பாடசாலையை மூட நினைப்பவர் யார் என்று பேசுவதற்குப் பதிலாக அவளது துணியைப் பேசியது. ஒருத்தியின் உடை குறைந்துவிட்டது, மற்றவளின் உடை கூடிவிட்டது. சோட்டா பீம் மேலாடையே இல்லாமல் ஒரு செம்மஞ்சள் வேட்டியோடுதான் இத்தனை வருடங்களாக ஓடித் திரிகிறான். அவனது உடையைப் பற்றி யாராவது கட்டுரை எழுதி நான் பார்த்ததில்லை.

இலங்கை முஸ்லிம் பெண்களாகிய எமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. அவசரகாலச் சட்டம் அந்த வருடம் ஓகஸ்டில் முடியும் வரை அந்தத் தடை இருந்தது. முகத்தை மூடாதவர்களும் வைத்தியசாலை வாசலில், கடை வாசலில், பஸ்ஸில் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அந்த மாதங்களில் வெளியில் எம்மைப் பற்றிய பேச்சு முழுவதும் உடை பற்றியதாகவே இருந்தது. எமக்குள்ளே நடந்த கூட்டங்களிலும் பெரும்பாலும் அதே பேச்சுத்தான். எமது பெண்களில் ஆசிரியைகள் எத்தனை பேர், தாதியர் எத்தனை பேர், பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர், கணவனை இழந்து தையல் மெஷினோடு குடும்பத்தைத் தாங்குபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டவர்கள் குறைவு.

ஜியாவைப் பற்றி எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஊர் கொண்டாடுவது முகம் தெரியாத வீராங்கனையை. ஒவ்வொரு நாளும் காலையில் வந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஜியா டீச்சரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆசிரியையாக இருப்பதாலோ என்னவோ, எனக்கு அந்த இரண்டாவது ஜியாவைத்தான் அதிகம் பிடிக்கிறது.

மீனாவின் மாம்பழம்

நான் பார்த்தவற்றில் மிகவும் எளிமையானதும் என்னை மிகவும் தொட்டதும் ஒரு பழைய காட்டூன்தான். பெயர் மீனா. சார்க் நாடுகள் 1991 முதல் 2000 வரையான பத்து வருடங்களைப் பெண் பிள்ளைகளுக்கான தசாப்தமாகப் பிரகடனப்படுத்தியிருந்த காலத்தில், தெற்காசியப் பிள்ளைகளுக்காக யுனிசெஃப் உருவாக்கிய பாத்திரம் அது. இந்தியாவின் மூத்த அனிமேஷன் கலைஞர் ராம் மோகன் அதற்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். பங்களாதேஷ், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளில் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கேட்டுக் கேட்டே பெயரையும் உடையையும் தீர்மானித்தார்கள். முஸ்லிம் வீட்டிலும் இந்து வீட்டிலும் இருக்கக்கூடிய பெயர் வேண்டும் என்பதற்காகவே மீனா.

மீனாவுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. மிட்டு என்ற கிளியும் ராஜு என்ற தம்பியும்தான் துணை. ஒரு கதையில் தம்பியைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் மீனாவை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அவள் கிளியை வகுப்பறை ஜன்னலுக்கு அனுப்பி, அது கேட்டு வந்து சொல்வதைக் கற்றுக்கொள்கிறாள். அப்படிக் கற்ற எண்களைக் கொண்டு வீட்டுக் கோழிகளை எண்ணிப் பார்க்கிறாள். ஒன்று குறைகிறது. கோழிக் கள்ளன் பிடிபடுகிறான். அதன் பிறகு அவளும் பாடசாலைக்குப் போகிறாள்.

இன்னொரு கதையில் மீனா பறித்து வந்த மாம்பழத்தை உம்மா வெட்டி, பெரிய துண்டைத் தம்பிக்கும் சிறியதை அவளுக்கும் கொடுக்கிறார். அவன் ஆண் பிள்ளையாம், அதிகம் வேலை செய்கிறானாம். அப்படியென்றால் ஒரு நாளைக்கு வேலையை மாற்றிச் செய்து பார்ப்போம் என்று பிள்ளைகள் இருவரும் முடிவு செய்கிறார்கள். அன்று மாலைக்குள் ராஜுவுக்கு உண்மை புரிந்துவிடுகிறது.

இந்தக் கதையில் வில்லன் கிடையாது. வாப்பாவும் உம்மாவும் நல்லவர்கள். பழக்கத்தில் செய்கிறார்கள், சுட்டிக்காட்டினால் திருந்துகிறார்கள். தம்பி தோற்கடிக்கப்பட வேண்டிய எதிரியும் அல்ல. அவன் பார்த்து விளங்கிக்கொள்கிறான். பெண் பிள்ளையைக் கதாநாயகியாக்க ஆண் பிள்ளையை மட்டம் தட்டத் தேவையில்லை என்பதை இவ்வளவு இலகுவாகச் சொன்ன வேறொரு காட்டூனை நான் பார்க்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

காட்டூனே வேண்டாம், டீவியை நிறுத்துங்கள் என்று சிலர் சொல்வார்கள். நேரத்தைக் குறைப்பது நல்லதுதான், நானும் குறைத்திருக்கிறேன். ஆனால் இன்று திரை என்பது சுவரில் இருக்கும் டீவி மட்டுமல்ல, வாப்பாவின் கையில் இருக்கும் போனும்தான். முழுவதும் தடுக்க ஏலாத ஒன்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதே மேல். நான் இப்போது பிள்ளைகளிடம் நான்கு கேள்விகள் கேட்கிறேன்.

ஒன்று: இந்தக் கதையில் முடிவு எடுத்தது யார்?

இரண்டு: அதிகம் பேசியது யார்?

மூன்று: அவளை எதற்காகப் பாராட்டினார்கள், முகத்துக்கா, செய்த வேலைக்கா?

நான்கு: பிழை விட்டபோது அவளுக்கு என்ன நடந்தது? பீம் பிழை விட்டால் என்ன நடக்கிறது?

ஆறு வயது மகனும் பதில் சொல்கிறான். சில நேரம் மகளை விடச் சரியாகச் சொல்கிறான்.

ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அது பெற்றோருக்கானது. எமது வீட்டுக் கதையை எழுதுபவர் யார்? மகள் சுட்கியாக ஓடிய அன்றைய தினமே இரவுச் சாப்பாட்டின்போது, "மகள், தம்பிக்குத் தண்ணி எடுத்துக் குடுங்க" என்ற எனது குரலை நானே கேட்டேன். அவன் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில்தான் இருந்தான். எத்தனை வருடமாக இப்படிச் சொல்லி வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சுட்கியின் வேடத்தை அவள் ஹைதராபாத்தில் இருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

போன கிழமை மீண்டும் அதே விளையாட்டு. மகன் வழமை போல, "ராத்தா, லட்டு கொண்டு வாங்க" என்று கத்தினான். "பீமுக்குக் கால் இருக்குதானே, குசினிக்குப் போய் எடுத்துக்கங்க மகன்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனான். பாதி பிஸ்கட்டை நிலத்தில் கொட்டிவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் பங்கிட்டான். அந்த இடைவெளியில் மகள் மதிலில் ஏறி நின்று, எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டிருந்தாள்.